சம்பந்தி வீட்டு இறைச்சி உருண்டைகள்

என் மகள் ஒரு ஜெர்மன்காரியின் மகனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோயிலில் தாலி கட்டுவதாக அவர்களே சொல்லிவிட்டார்கள். சமயம் மாறும்படி நான் யாரையும் கேட்கவில்லை. சிட்னியில், மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்போல முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் இருக்கப்போற வீட்டுக்குள்ள மாட்டிறைச்சி வரக்கூடாது. வெளியில என்னவும் சாப்பிடுங்கோ. என்ர பேரப்பிள்ளையள் சாப்பிடுற சட்டியில அது வேண்டாம்," என்றேன்.

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. "ஓகே, அம்மா," என்றார். என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவ சமயக்காரர். ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். மாடு மட்டும் தொடுவதில்லை. அதற்கு மேல் அந்த நிபந்தனைக்கு என்னிடம் விளக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அது நிறைவேறியதில் எனக்குப் பெரிய பெருமை. கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் சொல்லித் திரிந்தேன். வெள்ளைக்காரப் பிள்ளை என்றாலும் எங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார் பாருங்கள் என்பேன். அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பேர்கர் சாப்பிடாமல் இருப்பதில் ஒருவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மருமகனின் தாய் மெல்பனில், கிளேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வீட்டில் தனியே இருந்தார். கணவர் இறந்து பல வருடங்கள். பிள்ளை இவர் ஒருவர்தான். பேத்தி பிறந்தபோதும் வேறு இரண்டொரு தடவையும் சிட்னிக்கு வந்திருக்கிறார். மூன்று நாள் நிற்பார், எங்கள் கறியை மூக்கு வடிய வடியச் சாப்பிடுவார், யார் தடுத்தாலும் கேளாமல் பாத்திரங்களைக் கழுவி வைப்பார், போய்விடுவார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் உறவுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது என்று சொல்லி, "சம்பந்தி" என்று கூப்பிட்டேன். அவரும் அதையே பிடித்துக்கொண்டார். அவருடைய வாயில் அது "சம்பாண்டி" ஆகிவிட்டது.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலத்தில் ஜெர்மன் இடிக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம் இடிக்கும். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் என் பேச்சாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம் இருக்கும். சம்பந்திக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஒப்பரேஷனுக்கு அழைப்பு வந்தது. நெடுநாள் காத்திருந்து கிடைத்த திகதி, தள்ளிப்போட முடியாது. மருமகன் எலக்ட்ரீஷியன். குழந்தைக்கென்று லீவெல்லாம் எடுத்து முடித்திருந்தார். ஒரு கிழமை மட்டும் போய் நின்று, தாயை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர அவரால் முடியும். அதற்குப் பிறகு யார்?

"அம்மா, நீங்க போவீங்களா? She has nobody else," என்று மகள் கேட்டாள்.

நான் அந்த வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் இருபத்தொரு வருடம் துணி மடித்தவள். போக முடியாது என்று சொல்லக் காரணம் இல்லை. ஆனாலும் உடனே ஓம் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய வலி இல்லை, அவருடைய பிரிட்ஜ். மாட்டிறைச்சி வைத்த பிரிட்ஜிலிருந்து நான் எப்படிப் பால் எடுத்துத் தேத்தண்ணி போடுவது?

என் கணவர்தான் சொன்னார். "இஞ்சரும், மனிசி ஒண்டு ஏலாமக் கிடக்குது. நீர் பிரிட்ஜை யோசிக்கிறீர். பால் பவுடரைக் கொண்டு போமன்."

கொண்டுபோனேன். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஒரு சின்னச் சட்டி எல்லாம் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன்.

மெல்பனில் விமான நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றிப்போய் வீட்டில் விட்டுவிட்டு, மருமகன் அன்றைக்கே சிட்னிக்குத் திரும்பினார். சம்பந்தி உயரமான ஒரு கதிரையில், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குனியக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் குசினிக்குள் போனதும் அவர் அங்கிருந்தே கையைக் காட்டினார்.

"மேல் தட்டு. திறந்து பாருங்கோ."

மேல் தட்டில் ஒரு புதுச் சட்டி, பொரிக்க ஒரு புதுத் தாச்சி, ஒரு அகப்பை, ஒரு கத்தி இருந்தன. விலை ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்கப்படவில்லை. தாச்சிக்குள் ஒரு துண்டுக் காகிதம். பெரிய பெரிய எழுத்தில், "இது உங்களுக்கு. இதில் இதுவரை ஒன்றும் சமைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிரிட்ஜைத் திறந்தேன். நடுத் தட்டு முழுக்கத் துடைத்து வெறுமையாக இருந்தது. அதுவும் எனக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், நோகிற இடுப்போடு கடைக்குப் போய் இதையெல்லாம் வாங்கி, ஏணிப்படி வைத்து மேலே ஏற்றியிருக்கிறார். நான் கொண்டுவந்த சட்டி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை அவருக்குக் காட்டவே இல்லை.

இரண்டு கிழமை அந்த வீட்டில் இருந்தேன். காலையில் அவருக்குக் காலில் சப்பாத்து மாட்டிவிடுவேன். பிறகு இருவரும் தபால் பெட்டி வரைக்கும் நடப்போம், அடுத்த நாள் அதற்கு அப்பால் ஒரு வீடு, அதற்கடுத்த நாள் இரண்டு வீடு. குளிக்க வார்க்கும்போது அவர் கூச்சப்படவில்லை, நான்தான் கூச்சப்பட்டேன். பின்னேரங்களில் அவர் பத்திரிகையில் வரும் எண் புதிர் போடுவார், நான் மகளோடு போனில் பேசுவேன். எனக்கு நான் சமைப்பேன், அவருக்கு அவர் சொல்லச் சொல்ல ஏதாவது சூப்பு வைத்துக் கொடுப்பேன். என்னுடைய பருப்பையும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, குசினியைத் துப்புரவாக்கினேன். கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் கல்லுப்போலக் காய்ந்த பணிஸ்கள், சின்னப் பன் ரொட்டிகள், ஏழோ எட்டோ கிடந்தன. பாவம், தனியே இருக்கிறவர், ஒப்பரேஷன் அவசரத்தில் மறந்துபோய்விட்டார் என்று நினைத்து, எல்லாவற்றையும் உடைத்து வெளியே பறவைகளுக்குப் போட்டேன். பையையும் தோய்த்துக் காயவைத்தேன்.

மத்தியானம் அவர் கொடியில் அந்தப் பையைக் கண்டார்.

"அதுக்குள்ள இருந்த பாண்?"

"பழசு. எறிஞ்சிட்டன்."

சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார். எண் புதிரை எடுத்தார், பேனையைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வலியா என்று கேட்டேன். இல்லை என்றார். பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அது சனிக்கிழமைக்கு வைச்சிருந்தது. பரவாயில்லை. எப்பிடியும் இந்த முறை என்னால ஏலாது."

சனிக்கிழமை என் மருமகனின் நாற்பதாவது பிறந்தநாள். மகள், பிள்ளைகள், என் கணவர் எல்லாரும் வெள்ளிக்கிழமை மெல்பனுக்கு வருவதாக இருந்தது. அதற்கும் காய்ந்த பணிசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் முழுக் கதையும் வந்தது.

ஃப்ரிக்கடெல்லன் என்று ஒரு சாப்பாடு. காய்ந்த பணிசைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து, அரைத்த இறைச்சியோடும் வெங்காயத்தோடும் முட்டையோடும் பிசைந்து, உருட்டித் தட்டி, பட்டரில் பொரிப்பது. மாடு பாதி, பன்றி பாதி. மகனுக்கு ஒரு வயது ஆனதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதைத்தான் செய்திருக்கிறார். கேக் இல்லாமல் பிறந்தநாள் போயிருக்கிறது, இது இல்லாமல் போனதில்லை. மகன் வேலைக்காகச் சிட்னிக்கு வந்த பிறகு, பொரித்து ஆறவைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தானே விமானத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"கலியாணத்துக்குப் பிறகு நான் கேட்டனான், கொண்டு வரட்டோ எண்டு. வீட்டுக்குள்ள வேண்டாம் அம்மா எண்டு சொன்னான். சரி எண்டிட்டன். அதுக்குப் பிறகு அவன்தான் இஞ்சை வாறவன்."

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் மருமகன் ஒரு நாள் மெல்பனுக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். தாயைப் பார்க்கப் போகிறார், நல்ல பிள்ளை என்று அதையும் நான் கோயிலில் சொல்லியிருக்கிறேன்.

"வந்து, இந்த மேசையில இருந்து பதினொண்டு, பன்னிரண்டு சாப்பிடுவான். பிறகு பல்லுத் தீட்டிப்போட்டு விமானத்துக்குப் போவான்," என்று சம்பந்தி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தநாளன்று மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒளித்துச் செய்கிறவர்போல வந்து சாப்பிட்டுப் பல் தீட்டிக்கொண்டு திரும்பும் மனிதரை நினைத்தேன். ஆறு வருடம். ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"அந்த நிபந்தனை போட்டது நான்தான்," என்றேன்.

"தெரியும். அவன் சொன்னவன். நான் அவனுக்குச் சொன்னன், அந்த மனிசி ஒண்டே ஒண்டுதான் கேட்டிருக்கு. என்ர மாமி என்னட்டைப் பதினாலு கேட்டவ."

அன்றைக்கு வேறு கதைகளும் வந்தன. அவர் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பிறந்தவர். சின்ன வயதில் அவருடைய தாய் செய்த ஃப்ரிக்கடெல்லனில் பாண்தான் கூட, இறைச்சி பேருக்கு. வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் இறைச்சி கொஞ்சம் கூடும். அதனால்தான் அது பிறந்தநாள் சாப்பாடாக ஆயிற்று. நான் எங்கள் கட்லட்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் சண்டைக்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் வராமல் மறித்திருந்த வருடங்களில் ஒரு தகர டின் மீனை இருபது பேருக்குப் பங்கிட்டுக் கட்லட் செய்திருக்கிறோம். உருளைக்கிழங்குதான் முழுக்க. மீன் வாசம் மட்டும் இருக்கும்.

"கட்லட்டையும் கையாலதான் உருட்டுறதோ?" என்று கேட்டார்.

"ஓம். ஒரு கலியாண வீட்டுக்கு நானூறு உருட்டியிருக்கிறன்."

அவர் என் கைகளைப் பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குப் பீட்ஸா எடுப்போம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

அவர் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. கேட்காததுதான் என்னை இரண்டு நாள் அரித்தது. வியாழக்கிழமை காலை நடந்துகொண்டிருக்கும்போது, அவருடைய நடைச்சட்டத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நான் பிசைஞ்சு தாறன். எப்பிடி எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவர் நின்றுவிட்டார். "தேவையில்லை. உண்மையாத்தான் சொல்லுறன். பன்றி மட்டும் போட்டுச் செய்யலாம்."

"பன்றி மட்டும் போட்டா அதே ருசி வருமோ?"

பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. "வராது," என்றார்.

அன்றைக்கே பணிஸ் வாங்கி வந்தேன். புதுப் பணிஸ் உதவாது என்றபடியால் அதை வெட்டி, சூடு குறைத்த அவண் அடுப்பில் வைத்துக் காயப்போட்டோம். வெள்ளிக்கிழமை காலை மருந்துக்கடையில் ஒரு பெட்டிக் கையுறை வாங்கினேன். இறைச்சிக் கடையில் வாயால் கேட்க எனக்கு முடியவில்லை. சம்பந்தி எழுதித் தந்த காகிதத்தை நீட்டினேன். அந்தக் கடைக்காரப் பெண் வாசித்து, "பாதிக்குப் பாதியா?" என்று உரத்துக் கேட்டாள். எனக்குப் பின்னால் நின்றவர் யாராவது தமிழராக இருப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு வயதான சீனத்து மனிதர்தான் நின்றார். வழி முழுக்கப் பொட்டலத்தை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையாரப்பா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கோவிக்காதே என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

சம்பந்தி தன் உயரக் கதிரையை மேசையோரம் போடச் சொன்னார். நான் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன். பெரிய கோப்பையில் இறைச்சி, ஊறிய பாண், பட்டரில் வதக்கிய வெங்காயம், முட்டை, ஒரு கரண்டி கடுகுக் களி, சாதிக்காய், நறுக்கிய பார்ஸ்லி. பிறகு மார்ஜொரம் என்ற காய்ந்த இலை. ஓமத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரிபோல ஒரு வாசம் அதற்கு.

முதலில் கை போகவில்லை. கோப்பைக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சம்பந்தி என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தேன். குளிர்ந்துபோய் இருந்தது. அவ்வளவுதான். பிசையத் தொடங்கிய பிறகு அது எனக்குப் பழகிய வேலையாகிவிட்டது. கட்லட்டுக்கும் இதே பதம்தான். விரல் இடுக்கால் வழியக்கூடாது, வெடிக்கவும் கூடாது.

"உப்பு?" என்று கேட்டேன். கட்லட் என்றால் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்துவிடுவேன். இதில் என்னால் முடியாது.

"கொண்டாங்கோ," என்று சம்பந்தி கையை நீட்டினார். ஒரு கரண்டியால் பச்சை இறைச்சியை அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ! பச்சையா!"

"எங்கட ஊரில பாணில பூசியே சாப்பிடுவம்." நாக்கைச் சப்புக் கொட்டினார். "இன்னும் கொஞ்சம் உப்பு. மிளகும் போடுங்கோ."

நான் போட்டேன், பிசைந்தேன், திரும்ப நீட்டினேன். அவர் திரும்பவும் சுவைத்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவை முகத்தைத் திருப்பிக்கொண்ட எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதேங்கோ, நோகுது," என்றார்.

நாற்பது உருண்டை வந்தது. வயதுக்கு ஒன்று. நான் அதைத் திட்டமிடவில்லை, அவர்தான் எண்ணிப் பார்த்துச் சொன்னார். அவருடைய பழைய இரும்புத் தாச்சியில், அவர் சொன்னபடி அவசரப்படாமல் பொரித்தேன். பட்டரும் வெங்காயமும் சேர்ந்து வந்த வாசம் நல்ல வாசம்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பின்னேரம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்ததும் மருமகன் மூக்கை உயர்த்தினார். நேரே குசினிக்குள் வந்தார். அடுப்படியில் நான் நிற்பதைப் பார்த்தார், மேசையில் கிடந்த கையுறைகளைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். தாய் என்னைக் கையால் காட்டினார். அவர் பெரிய உருவம். அந்த உயரத்தோடு குனிந்து என் தோளில் முகத்தை வைத்தார். "அம்மா, நீங்க... ஏன்?" என்று தமிழிலேயே கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஐம்பது சொல் இருக்கும். அதில் மூன்றை அப்போது சரியாகச் சொன்னார்.

"உங்கட பிறந்தநாள் தானே," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் அந்த மேசையில் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு சலாட், ஊறவைத்த வெள்ளரிக்காய், என்னுடைய மரக்கறிப் பிரியாணி, நடுவில் பெரிய தட்டில் உருண்டைகள். மருமகன் ஒன்றை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார். என் கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்துக் கடுகுக் களியில் தோய்த்து வாயில் வைத்தார்.

"இஞ்சருங்கோ! அது மாடு!" என்றேன்.

"தெரியும்," என்று மென்றுகொண்டே சொன்னார்.

"தெரிஞ்சுகொண்டோ?"

"வந்த புதுசில பெட்டி செய்யிற பக்டரியில வேலை செய்தனான் எல்லே. அங்கை மத்தியானத்துக்கு meat pie, இறைச்சி அடைச்ச பை மட்டும்தான். என்ன இறைச்சி எண்டு நான் கேக்கேல்லை, அவங்களும் சொல்லேல்லை. ஒரு எட்டு வருஷம் சாப்பிட்டிருப்பன்."

மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். என் வீட்டுச் சட்டியை நான் காத்துக்கொண்டிருந்த வருடங்களில் இவர் எட்டு வருடம் பை சாப்பிட்டிருக்கிறார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னா நீர் கவலைப்படுவீர் எண்டுதான்," என்றார். அவர் குரலில் பகிடி இல்லை. என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் என்னை நோகச் செய்யாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரத்தில் நாலு வயதுப் பேத்தி தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். "I want one."

மருமகன் தட்டை மெதுவாகப் பின்னால் நகர்த்தினார். சம்பந்தி தன் கோப்பையைப் பார்த்தார். தன் பேத்தி, தன் வீட்டு மேசை, தன் சாப்பாடு. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கப்போனேன். குடுங்கோ, பிள்ளை கேக்குது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் மகள் முந்திவிட்டாள். "நீ பெரிசா வளர்ந்தாப் பிறகு நீயே யோசிச்சுச் சொல்லு. இப்ப பொட்டேட்டோ சாப்பிடு," என்றாள். பிள்ளையின் உதடு பிதுங்கியது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வெள்ளரிக்காயைக் கடித்தாள்.

பாத்திரம் கழுவும்போது மகளைத் தனியே பிடித்தேன்.

"எனக்காகப் பிள்ளையை மறிக்க வேண்டாம். உங்கட வீட்டுக்குக் கொண்டுபோறதெண்டாலும் கொண்டுபோங்கோ. நான் சொன்னதை நானே எடுக்கிறன்."

பெரிய மனது பண்ணிச் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, உங்களுக்காக இல்லை. முதல்ல உங்களுக்காகத்தான். இப்ப அது எங்கட rule. எனக்கும் அந்தச் சட்டியில சமைக்க விருப்பமில்லை. நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் வைச்சிருக்கிறம்."

"அவர் பாவம் எல்லே? பல்லுத் தீட்டிப்போட்டு..."

"அவர் பாவம் இல்லை. வருஷத்தில ஒரு நாள் அவருக்கு அவரின்ர அம்மாவோட தனிய இருக்க விருப்பம். நான்தான் போகச் சொல்லுறனான்."

இதை என்ன சொல்வது? நான் எடுக்க வந்த பாரம் அங்கே இருக்கவே இல்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் முகத்தில் அடித்ததுபோலவும் இருந்தது. அவர்களுடைய வீட்டை நான் இன்னும் நானே நடத்திக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். ஆனாலும் அந்தத் தட்டு பின்னால் போனபோது சம்பந்தியின் முகம் இருந்த விதம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. மகளின் வீட்டுச் சட்டம் அவர்களுடையது. சம்பந்தியின் பேத்தி எனக்கும் பேத்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் எழும்ப முதல் கோழி இறைச்சி அரைத்தது வாங்கி வந்தேன். சம்பந்தியிடம் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார். "கோழியில ஒட்டாது. உதிரும்."

"உதிர்ந்தாப் பாணைக் கூட்டுவம். உங்கட அம்மா செய்தமாதிரி."

அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுக்கச் சொன்னார். பாதிக்கு மேல் பாண் போட்டோம். மற்றதெல்லாம் அதேதான், கடுகு, சாதிக்காய், மார்ஜொரம். இந்தத் தடவை கையுறை இல்லை. பச்சையாகச் சுவைக்க நான் விடவில்லை. ஒரு சின்ன உருண்டையைப் பொரித்து, பாதியை அவருக்குக் கொடுத்து, பாதியை நான் வாயில் போட்டேன். வெள்ளிக்கிழமை நாற்பது செய்தவள் நான். அது என்ன ருசி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உறைப்பு இல்லை, புளிப்பு இல்லை. மெதுவாக, பின்னால் வந்து நிற்கிற ஒரு ருசி.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"இது ஃப்ரிக்கடெல்லன் இல்லை," என்றார். இன்னொரு துண்டை எடுத்தார். "ஆனா கூடாதெண்டும் இல்லை."

பேத்தி எழும்பி வந்து மூன்று சாப்பிட்டாள். மூன்றாவதைச் சாப்பிடும்போது சம்பந்தி தன் மொழியில் அவளிடம் ஏதோ கேட்டார். அவளும் தலையாட்டினாள். என்ன கேட்டார், அவளுக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது. மருமகன் குசினி வாசலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மருமகன் இப்போதும் தன் பிறந்தநாளுக்குத் தனியேதான் போய்வருகிறார். அதற்கு அடுத்த கிழமை நாங்கள் எல்லாரும் போகிறோம். இரண்டு கோப்பை வைத்துப் பிசைகிறேன், ஒன்றுக்குக் கையுறையோடு, ஒன்றுக்கு வெறுங்கையால். முதலாவதில் ஒரு கிள்ளுக்கூட நான் இன்னும் சாப்பிடவில்லை, சாப்பிடப்போவதும் இல்லை. என் கணவர் அதை எனக்கு முன்னாலேயே சாப்பிடுகிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் கோபம் வரும், சில நாள் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியளவில் சம்பந்தி போன் எடுப்பார். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அவர் என்ன சமைக்கிறார், நான் என்ன சமைக்கிறேன், பிள்ளைகளுக்குத் தடிமன் இருமல் மாறிவிட்டதா. பேசி முடிந்த பிறகும் பல நாள் இருவரும் போனை வைப்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அவர் வெங்காயம் வெட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்தால், "என்ன கழுவுறீங்கள்?" என்று அங்கிருந்து கேட்பார். அரிசி என்பேன்.